முடக்கத்தான் தோசைக்கு ஐந்து நட்சத்திரம்

ஜனவரி 2, வியாழன்

புது வருஷத்துக்கு உரக்கடைக்காரர் எல்லோருக்கும் காலண்டர் கொடுத்தார். எனக்கு மட்டும் டைரி. "நாச்சிமுத்தண்ணன் எழுதற ஆளு" என்று கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிக் கொடுத்தார். காலண்டர் தீர்ந்துபோனதால்தான் டைரி வந்தது என்கிறாள் எங்கள் கடையில் பாத்திரம் கழுவும் சரஸா. அவளுக்குப் பொறாமை.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது பரீட்சை அல்ல, லாரி. ஸ்டியரிங் என்னைக் கூப்பிட்டது, போய்விட்டேன். காஷ்மீர்ப் பனியில் சிக்கிக்கொண்ட ராணுவ வண்டியையே கயிறு கட்டி இழுத்துவிட்டவன் நான். அந்த மேஜர் கண்ணீரோடு சல்யூட் அடித்தார். இப்போது ஓய்வு. தாராபுரத்தில் அக்கா மகள் கோகிலாவோடு இருக்கிறேன். கீழே அவளுடைய டிபன் கடை, மாடியில் வீடு. அக்காவும் இல்லை, கோகிலாவின் வீட்டுக்காரரும் இல்லை. அவளுடைய ஒரே மகள் தாரணியை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இப்போது மாசமாக இருக்கிறாள். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு நிர்வாகம், பாதுகாப்பு, விளம்பரம் மூன்றும் நான்தான்.

விளம்பரம் என்று சும்மா சொல்லவில்லை. போனில் வழி காட்டும் மேப்பில் ரிவ்யூ எழுதுகிறவர்களில் நான் ஏழாவது லெவல். கோயில், பெட்ரோல் பங்க், சலூன், கட்டணக் கழிப்பிடம், எங்கே போனாலும் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதாமல் வரமாட்டேன். என்னைக் கண்டால் டீக்கடைக்காரர்கள் பாலாடையை எடுத்துவிட்டுத்தான் டீ கொடுக்கிறார்கள்.

ஐப்பசியில் கோகிலாவின் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மதியம் உட்கார்ந்து எழுதினேன்:

"மூன்று வருஷம் படுத்த படுக்கை. கோயமுத்தூர் டாக்டர்கள் கையை விரித்தார்கள். கோகிலா டிபன் கடையின் முடக்கத்தான் தோசையை ஒரு மண்டலம் விடாமல் சாப்பிட்டேன். இன்று ஓடுகிறேன்! ஒரு நாள் விட்டாலும் பலிக்காது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரகசியம் மாவில் இல்லை, அந்தப் பெண்ணின் கைராசியில் இருக்கிறது."

ஐந்து நட்சத்திரம். கொஞ்சம் நகாசு வேலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். படுத்த படுக்கை என்றால், மதியம் படுப்பேன் அல்லவா, அது. ஆனால் மண்டலம் என்று போட்டதில்தான் என் அனுபவம் இருக்கிறது. மூன்று நாளில் குணமாகும் என்றால் நம் ஜனம் நம்புமா? நாற்பத்தெட்டு நாள் என்றால் மறு பேச்சு இல்லை.

முட்டி வலி இருந்தது மட்டும் நிஜம். தோசை சாப்பிட்டதும் குறைந்துவிட்டது என்று கோகிலாவிடமும் சொன்னேன். "நெசமாவா மாமா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மாவாட்டினாள். இப்போது காலையில் பத்து இருபது பேர் வருகிறார்கள். எல்லாம் ஒரே ஒரு ரிவ்யூவால்.

ஜனவரி 7, செவ்வாய்

கோயமுத்தூரிலிருந்து காரில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். ஊர் ஊராகச் சாப்பிட்டு வீடியோ போடுவதுதான் அவர்கள் தொழில். என் ரிவ்யூவைப் படித்துவிட்டு என்னைத் தேடியே வந்தார்களாம்.

கோகிலாவிடம் அந்தப் பெண் கேட்டாள், "அக்கா, இதுல என்னக்கா சேக்கறீங்க?"

"முடக்கத்தான் கீரை, அரிசி, உளுந்து, உப்புங்க."

"அவ்வளவுதானா?"

கோகிலாவுக்கு வியாபாரம் தெரியாது. நான் நடுவில் புகுந்து, அந்தக் கீரையை அமாவாசைக்கு முந்தின நாள் கிழக்குப் பார்த்து நின்று பறிக்க வேண்டும் என்று எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் வாய் அப்படியே திறந்து நின்றது.

பிறகு என்னை நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். மாடிப்படி ஏறச் சொன்னார்கள். ஏறினேன். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி ஏறச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு சிரித்துக்கொண்டே. ராணுவத்தில் சேர்ந்திருந்தால் இந்நேரம் நான் ஜெனரல்.

சாயங்காலம் கொஞ்சம் குளிர்காற்று பிடித்ததால் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

அந்த வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். தாராபுரத்தின் ஜனத்தொகையைவிட என்னைத் தெரிந்தவர்கள் அதிகம்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பண்டிகைக்கு ஒரு நாள் மூடலாம் என்று கோகிலா நேற்றே பலகையில் எழுதி மாட்டியிருந்தாள். விடியும் முன்பே வாசலில் கூட்டம். வெள்ளிக்கிழமையே மண்டலம் ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள். "ஒரு நாள் விட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுன்னு அய்யாவே எழுதியிருக்காரே!" என்று பலகையைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

புதிதாக இன்றைக்கு ஆரம்பித்தவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற தபால்காரர் குழந்தைவேலு, நல்ல நாளாகப் பார்த்து ஆரம்பிக்கிறேன் என்று வந்தார். சைக்கிள் மிதித்தே இரண்டு முட்டியும் தேய்ந்தவர். நிதானமான மனுஷன். ஒரே ஒரு தோசையைப் பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. நாலு அடுப்பிலும் தோசைக்கல் இருந்தது.

ஜனவரி 22, புதன்

என் நாற்காலியைக் கடை வாசலிலேயே போட்டாகிவிட்டது. வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்க்கிறார்கள், பிறகு மெனுவைப் பார்க்கிறார்கள். சில பேர் குனிந்து என் முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். செல்பி எடுக்கிறார்கள். இதனால் நான் நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. டீக்கடைப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டேன். நான் நடப்பதை எவனாவது பின்னாலிருந்து வீடியோ எடுத்தால் தரம் முக்கியம் அல்லவா? நடந்தால் சிங்கம் மாதிரி நடக்க வேண்டும், இல்லையேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூலனூரிலிருந்து ராமாத்தாள் என்று ஒரு அம்மா மூன்று நாளாக முதல் பஸ்ஸில் வருகிறார். வாயாடி. "ஏனுங்க, மூணு வருசம் படுத்திருந்தீங்களே, ஒடம்பு மெலியவேயில்லையா?" என்று என் தொந்தியைப் பார்த்துக் கேட்டார். அது பழைய இரும்பு உடம்பு என்றேன்.

படுக்கையையும் கீழே கடைப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டேன். மாடி, கீழ் என்று அலைவதைவிட கீழேயே இருந்தால்தான் கண்காணிப்பு சரியாக இருக்கும். பெஞ்சில் இருக்கும் வெந்நீர்ப் பை வயிற்றுக்கு.

ஜனவரி 30, வியாழன்

கோகிலாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. நேற்று ஒரு அரை மணி நேரம் சரஸா தோசை ஊற்றினாள். அவள் ஊற்றினாலும் அதே மாவு, அதே கல். மத்தியானத்துக்குள் மேப்பில் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு ஒரு ரிவ்யூ வந்துவிட்டது: "இன்று வேறு பெண் ஊற்றினார். கைராசி இல்லை. என் அம்மாவுக்கு மறுபடி வலி ஆரம்பித்துவிட்டது. ஏமாற்று வேலை." அதற்குக் கீழே நாற்பது பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

கோகிலா சாப்பிடும்போது ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் படிக்கிறாள். முன்பு அவளுக்கு மேப் என்றால் என்னவென்றே தெரியாது.

"மாமா, இங்க பாருங்க. 'தோசை அருமை, அந்தம்மா மூஞ்சில சிரிப்பே இல்லை, மூணு ஸ்டார்'னு ஒருத்தர் போட்டிருக்காரு."

"அவன் கெடக்கறான் கண்ணு."

"இல்லீங்க மாமா, இனிச் சிரிச்சுக்கிட்டே ஊத்தோணுமாட்ட இருக்குது."

இன்று காலையில் பார்த்தேன். தோசையைத் திருப்பும்போதெல்லாம் சிரித்தாள். ஆள் யாரும் எதிரில் இல்லாதபோதும்.

பிப்ரவரி 6, வியாழன்

தாரணிக்கு ஓசூரில் வளைகாப்பு. முறைப்படி பெற்றவள் போய் வளையல் போட்டு, மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மாடியில் ஒரு அறை இருக்கிறது, ஆனால் பார்த்துக்கொள்ளப் பெற்றவளுக்கு நேரம் இல்லை. அதனால் பிரசவமும் அங்கேயே என்று ஆகிவிட்டது.

நான் போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்தேன். கோகிலா ஒரு பக்கம் மாவை ஊற்றிக்கொண்டே மறு பக்கம் வளைகாப்பு பார்த்தாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா போனுக்குள் எட்டிப் பார்த்து, "என்னங்க சம்பந்தி, ஒலகம் பூராக் கைராசின்னு சொல்றாங்கொ, பெத்த புள்ளைக்கு ஒரு வளையல் போட அந்தக் கைக்கு நேரமில்லையாட்டிருக்குது!" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்தாள். இப்போதுதான் பழகியிருக்கிறாள் அல்லவா?

"பிரசவத்துக்காச்சும் வந்துருவியாம்மா?" என்று தாரணி கேட்டாள்.

"வராம இருப்பனா சாமி?" என்றாள் கோகிலா. வரிசையில் இருந்த ஒருத்தர், "அம்மிணி, ரெண்டு முடக்கத்தான், முறுகலா" என்றார்.

வளைகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் பிரமாதம். சீர்வரிசையைப் பார்த்து ஓசூரே அசந்துபோயிருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

கோகிலா இன்று ஒரு தோசைக்கும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

என் ரிவ்யூவை நானே எடுத்துவிட்டேன். வேறொன்றுமில்லை, நடையைச் சற்று மெருகேற்றலாம் என்று. எழுத்தாளன் என்றால் திருத்துவான்.

எடுத்தால் என்ன? அது எங்கேயும் போகவில்லை. படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஒரு பெண் குரல், பின்னால் புல்லாங்குழல், என் வரிகளை உருகி உருகி வாசிக்கிறது. படத்தில் நான் இல்லை, தாடி வைத்த வேறு யாரோ சாமியார். அதில் மூன்று வருஷம் ஏழு வருஷமாகிவிட்டது. அட, நானே அவ்வளவு தூரம் போகவில்லை!

மேப்பில் என் ரிவ்யூ இருந்த இடத்தில் இப்போது நூற்றுக்கணக்கில் மற்றவர்கள். ஊன்றுகோலைக் கிணற்றில் எறிந்தேன் என்கிறது ஒன்று. அறுவை சிகிச்சைக்குக் குறித்த தேதியை ரத்து செய்தேன் என்கிறது இன்னொன்று. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதன் வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நம் குழந்தைவேலுவும் எழுதியிருக்கிறார்: "முப்பதாம் நாள். நல்ல குணம் தெரிகிறது. நன்றி." தபால்காரர் பொய் சொல்ல மாட்டார். ஒருவேளை நிஜமாகவே தோசையில் ஏதாவது இருக்குமோ? இன்று நானும் கூட இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

ஜனங்களின் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று சோதித்துப் பார்ப்பதற்காக, அதற்காக மட்டுமே, மேப்பில் புதிதாக எழுதினேன்: "இது நல்ல தோசை. ஆனால் மருந்து இல்லை. முட்டிக்கு ஒன்றும் ஆகாது. மண்டலக் கணக்கும் இல்லை. வலி இருப்பவர்கள் டாக்டரைப் பாருங்கள். நாச்சிமுத்து."

என் வாழ்க்கையில் நகாசு இல்லாமல் எழுதிய ஒரே ரிவ்யூ. இரண்டு மணி நேரத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். போட்டிக் கடைக்காரன் என்றார்கள். காசு வாங்கிய கை என்றார்கள். ஒருவர், "ஐயாவின் எழுத்து நடை எனக்குத் தெரியும், இது அவர் எழுதியதே அல்ல" என்று எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். நிறைய பேர் சேர்ந்து புகார் பண்ணினார்கள் போலிருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் அது இல்லை.

ராமாத்தாள் அம்மா பஸ்ஸுக்குப் போகும் முன் என் காதருகில் குனிந்தார். "சாக்கிரதையா இருங்கொ. உங்க பேர வெச்சே எவனோ போக்கிரி பொய் எழுதறானாமா. என்ற பேரன் காட்டுனான்."

"யாருங்க அது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

பிப்ரவரி 25, செவ்வாய்

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் அடங்கியபோது கோகிலா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். மாப்பிள்ளை பிரபாகரன் பேசினாராம். டாக்டர் மார்ச் பன்னிரண்டு வாக்கில் என்று சொல்லியிருக்கிறாராம்.

"பேசாம பத்து நாள் கடையச் சாத்திப்போட்டுப் போ கண்ணு" என்றேன்.

"எப்படீங்க மாமா சாத்தறது? குழந்தைவேலு அண்ணனுக்கு ஞாயித்துக்கெழமை முடியுது, சரி. ராமாத்தாள் அம்மாளுக்கு? அதுக்கப்புறம் ஆரம்பிச்சவங்களுக்கு? இன்னிக்குக்கூட நாலு பேரு புதுசா ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கு முடியறப்ப இன்னொருத்தருக்குப் பாதில நிக்குது. இது என்னிக்குத்தான் முடியும்?"

"அவிங்க கெடக்கறாங்க."

"வலியோட வர்றாங்க மாமா. விடியாம எந்திரிச்சு, பஸ் ஏறி, படியேற முடியாம ஏறி. பாதில நான் கைய விட்டுப்போட்டுப் போனன்னா அவங்க வயித்தெரிச்சல் சும்மா விடுமா? அந்தப் பாவம் எம்புள்ள பிரசவத்துல வந்து நின்னா நான் என்ன பண்ணுவன்?"

நான் வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டேன்.

"நீங்க எழுதுனதுல அந்த மூணு வருசமெல்லாம் உடான்ஸுன்னு எனக்குத் தெரியாதா?" என்று லேசாகச் சிரித்தாள். இது கடைச் சிரிப்பு இல்லை. "ஆனா உங்க வலி கொறஞ்சுது பாருங்க, அது நெசந்தான? எங்கண்ணு முன்னாலயே கொறஞ்சுது. அந்த ஒண்ணுதான் மாமா, இந்தக் கையில என்னமோ இருக்குதுன்னு என்னை நெனைக்க வெச்சுது. இல்லாட்டி இத்தன நாளா நான் நின்னுருக்கவே மாட்டன்."

"ஆமா கண்ணு" என்றேன்.

எழுந்து போனாள். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்திருப்பதே கௌரவம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மார்ச் பன்னிரண்டுக்குள் அவளிடம் சொல்லிவிடலாம். அவசரமில்லை. டாக்டர்கள் சொல்லும் தேதிக்கு எந்தப் பிள்ளையும் பிறந்ததில்லை. பத்து நாள் தள்ளித்தான் போகும். என் அனுபவம்.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வரிசை தெரு முனை வரை இருந்தது. குழந்தைவேலு தன் கடைசித் தோசைக்காக முன்னால் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. அவருக்குப் பின்னால் ராமாத்தாள் அம்மா. மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தெட்டாம் நாள் தோசை என்பதால்.

கோகிலாவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவள் கையில் மாவு, நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். "அத்தே, தாரணிக்கு வலி எடுத்துருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டம். உங்களத்தான் கேக்கறா."

கோகிலா கரண்டியோடு நின்றாள்.

"போயிட்டு வா அம்மிணி!" என்று வரிசையில் ஒரு குரல். "நாளைக்குக் காலைல வந்துருவல்ல?" என்று உடனே இன்னொரு குரல். "இன்னிக்கு இருக்கறவங்களுக்கு ஊத்திப்போட்டுப் போலாமல்ல?" என்று மூன்றாவது. எவரும் கெட்டவர்கள் இல்லை. அப்படித்தான் கேட்டார்கள். ராமாத்தாள் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கு இன்னும் ஒரு வாரந்தான் சாமி" என்றார்.

கோகிலா குனிந்து மாவை ஊற்றினாள். "இந்த வரிசை முடியட்டும் மாமா" என்றாள்.

வரிசையின் வால் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் எழுந்தேன். எழுந்தேன் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். இத்தனை நாள் கூட்டம் வருவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரும் போன பிறகு சுவரைப் பிடித்து எழுந்தேன். இன்றைக்குச் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டுக்கு வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே சட்னி வாளியோடு கீழே போனேன்.

"அய்யா தடுக்கிட்டாரு, தூக்குங்க!"

"தடுக்கலைங்க" என்றேன்.

நான்கு பேர் தூக்க வந்தார்கள். வேண்டாம் என்று தரையிலேயே இருந்து வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றினேன். அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் இப்போதுதான் பார்த்தார்கள். கோகிலா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"மாமா, இது எப்பத்திருந்து?"

"எப்பவும் இருந்துது கண்ணு. ஒரு நாளும் கொறையல. உங்கிட்டயும் பொய்தான் சொன்னன். நீ பாட்டுப் பாடிக்கிட்டு மாவாட்டுன, அதக் கெடுக்க மனசு வல்ல."

கல்லில் கிடந்த தோசை கருகும் வாசம் வந்தது.

"அய்யா நம்மளச் சோதிக்கறாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இரண்டு மூன்று பேர் கும்பிடக்கூடச் செய்தார்கள். அட முருகா, இதற்கு மேல் நான் எதைக் காட்டுவது?

அப்போது குழந்தைவேலு மெதுவாகச் சொன்னார், "எனக்கும் கொறையலைங்க."

ராமாத்தாள் அம்மா திரும்பினார். "என்னது? 'நல்ல குணம் தெரியுது'ன்னு நீங்கதான எழுதுனீங்க? அதப் பாத்துப்போட்டுத்தான நான் பாதில நிக்காம வந்தன்!"

"எழுதுனனுங்க." தபால்காரர் திருநீற்றைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் சரியாப் போச்சுன்னு போட்டிருக்குது. எனக்கு மட்டும் ஆகலைன்னா கோளாறு என்ற மேலதான்னு நெனச்சன். பக்தி பத்தலையாட்ட இருக்குதுன்னு. அதையெப்படி நாலு பேரு படிக்கற எடத்துல எழுதறது? சரியாப் போச்சுன்னு எழுதுனா ஆயிருமுன்னு எழுதிப்போட்டனுங்க."

"அட நாசமாப் போச்சு!" என்று ராமாத்தாள் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "நானும் மருமவகிட்டக் கொறஞ்சுருச்சுன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியறன். அவ அத எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டு, அதுல ரெண்டு பேரு கெளம்பி வந்து, அதோ நிக்கறாங்கொ."

அதோ நின்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் குறையவில்லை. அவர்களுக்குப் பின்னால் இருந்தவருக்கும். வரிசை நெடுக அந்தப் பேச்சு போனது. தெரு முனையில் யாரோ உரக்கச் சிரித்தது கேட்டது. வீடியோ எடுத்தவர்களில் ஒருவன் போனை இறக்கிப் பையில் போட்டான். மற்ற இரண்டு பேர் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

கோகிலா எழுந்து போய் நாலு அடுப்பையும் அணைத்தாள். மாடிக்குப் போய் ஒரு பையோடு இறங்கினாள். அந்தப் பை எப்போதோ கட்டித் தயாராக இருந்திருக்கிறது. ராமாத்தாள் அம்மா எதிரில் வந்ததும் கால் நின்றுவிட்டது.

"அம்மா, உங்களுக்குப் பாதில விட்டுப்போட்டுப் போறன். மனசுல வெச்சுக்காதீங்க."

"எதுல பாதி? ஒண்ணுமில்லாததுல பாதி எங்கிருந்து வருது? போ ஆத்தா, போய் உம்மவளப் பாரு. ஏனுங்க தபால்காரரே, அந்த ஆட்டோவக் கூப்புடுங்க. நடந்து போய் கூப்புடாதீங்க, இங்கிருந்தே கத்துங்க!"

ஆட்டோ போன பிறகு என்னைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தார்கள். தூக்கியவர்களில் ஒருவருக்கும் முட்டி சரியில்லை. அதனால் நேரம் ஆனது. மீந்த மாவைச் சரஸா ஊற்றினாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். தோசை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

பெண் குழந்தை. ஞாயிறு சாயங்காலமே பிறந்துவிட்டது. கோகிலா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். குழந்தை நாலரைக் கிலோ. அந்த ஆஸ்பத்திரியில் இதுவரை அப்படிப் பிறந்ததில்லையாம். (இரண்டே முக்கால் என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். அவர் ஓசூர்க்காரர், அளவில் கஞ்சம்.)

குழந்தைவேலு நேற்று என்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். இருவருக்கும் சேர்த்தே டோக்கன் போட்டார். டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முட்டியைப் பார்த்ததே இல்லை என்றார். தேய்மானத்தில் திருப்பூர் மாவட்டத்திலேயே நான்தான் முதல். இதில்கூட குழந்தைவேலு எனக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. மாத்திரை, கட்டு, நடக்கக் கூடாது என்று கண்டிப்பு. ஆகவே நாள் முழுக்க, ஷட்டர் இறக்கிய கடைக்குள் பெஞ்சில் படுத்திருக்கிறேன்.

கடை மூடியிருக்கிறது என்று மேப்பில் போட்டேன். மத்தியானத்துக்குள் யாரோ திறந்திருக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். மறுபடி மூடினேன். மறுபடி திறந்தார்கள். நான் விழுந்த வீடியோவும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு நாள் நான் தோசை சாப்பிடாமல் விட்டிருப்பேன், அதனால்தான் கால் போய்விட்டது என்று கீழே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அதற்கு என் ரிவ்யூவையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பதில் எழுதிப் பார்த்தேன். என்னைவிட அவர்கள் நன்றாக எழுதுகிறார்கள்.

சற்று முன் ஷட்டரில் யாரோ தட்டினார்கள். படுத்தபடியே கேட்டேன், யாரது என்று.

"சேலத்திலிருந்து வர்றம்ங்க. மேப்புல தொறந்திருக்குதுன்னு போட்டிருக்கு. இங்க தோசை சாப்பிட்டா முட்டி வலி போயிருமாமே?"

வாயில் வந்த எத்தனையோ விஷயங்களை விழுங்கினேன். ஒவ்வொன்றும் அருமையான விஷயம்.

"எனக்குப் போகலைங்க" என்றேன்.

போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"தோசையாவது நல்லாருக்குமுங்களா?"

"அது நெசமாவே நல்லாருக்குமுங்க. ஆனா இன்னிக்கு லீவுங்க."